உறுமலுக்கு அடியில்

ஓர் அப்பாவின் முகத்துக்கு நான் வைத்திருந்த விலை மூவாயிரத்து ஐந்நூறு. வாங்க வந்தவர் கொஞ்சம் முகம் சுளித்தால் மூவாயிரம். படியிறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்தால் இரண்டாயிரத்து எழுநூறு. அது ஓர் அப்பா என்று எனக்கு அப்போது தெரியாது. என் கணக்கில் அது பேய். பழைய மாளிகைப் பேய்ப்படம் ஒன்றின் சுவரொட்டி. கீழிருந்து பச்சை வெளிச்சம் அடிக்க, இடக்கண் இமையும் கன்னமும் சேர்ந்து மடிப்பாக வழிந்து தாடைக்குக் கீழே தொங்கும் ஒரு முகம். மாடியில் பழைய சினிமாச் சாமான் விற்கும் கடை என்னுடையது. சுவரொட்டி, படச்சுருள், ஓடுகிற புரொஜெக்டர், ஓடுமென்று நான் சத்தியம் செய்கிற புரொஜெக்டர், எல்லாம் உண்டு. காதல் படங்கள் தூசி தின்னும். கடை வாடகை கட்டுவது பேய்கள்தான்.

ஒரு மத்தியானம் ஒரு அம்மா படியேறி வந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அதே இமை, அதே கன்னம்.

நான் துணிக்கடையில் வளர்ந்தவன். பருத்த உடம்புக்காரர் வாசலில் தெரிந்தால் என் அப்பா முதலில் ஒல்லிச் சட்டைகளை உள்ளே தள்ளுவார், பிறகுதான் 'வாங்க' என்பார். வந்தவர் கூசக் கூடாது, கூசினால் வாங்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் என் கை தானாகப் போய்ச் சுவரொட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது.

"அதைத்தான் பாக்க வந்தேன்," என்றார் அவர். "எங்கப்பா அது."

"வெயில் படுதேன்னு திருப்பினேன்," என்றேன். அந்தக் கடைக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் முதலில் வந்தது. இடது பக்கம் பின்னாலேயே மெதுவாக நடந்து வந்து சேர்ந்துகொண்டது.

கூடவே வந்த மகள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். அவளுக்கும் அதே கன்னம், வயசு மட்டும் இருபத்தைந்துக்குள். லாரி ஆபீஸில் சரக்குப் பதிகிற வேலையாம்.

"இவளைச் சினிமாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க சார்," என்றார் அம்மா. "பேயா நடிக்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"மேக்கப் செலவு மிச்சம்னு மேனேஜர் நேராவே சொல்லிட்டாரு," என்றாள் மகள். "நேர்மையான மனுஷன்."

"உன் தாத்தாகிட்டயும் அப்படித்தான்டி சொன்னாங்க."

"தாத்தா பேய்க்கு வசனம் கிடையாதுன்னு நீதானே சொன்ன? என் பேய்க்கு ரெண்டு பக்கம் இருக்காம்."

அம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் படம் எந்த ஊரில் ஓடுகிறதோ அந்த ஊரைவிட்டு அந்த வாரம் குடும்பத்தோடு கிளம்பிவிடுவாராம் அப்பா. சாகும்வரை பார்க்க விடவில்லை. "அதுல அவரை என்ன பண்ணாங்கன்னு கண்ணால பாத்துட்டுத்தான் இவளுக்குச் சரின்னோ வேணாம்னோ சொல்வேன்."

"நீ வேணாம்னாலும் நான் போகலாம்மா. சம்பாதிக்கிறவ நான்," என்றாள் மகள். பிறகு தலைக்கவசத்தின் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே, "ஆனா போக மாட்டேன்," என்றாள்.

சுருள் என்னிடம் இருந்தது. சரக்கில் ஒரு குறை. புரொஜெக்டரில் படத்துக்கு ஒரு விளக்கு, சத்தத்துக்குத் தனியாகச் சின்னதாக ஒரு பல்பு. சத்தத்தின் பல்பு போன வாரம் உயிரை விட்டிருந்தது. "படம் மட்டும்தான்மா தெரியும், சத்தம் வராது. அதனால பாதி விலைக்கு..." என்று ஆரம்பித்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னறையில், திரைக்குப் பதில் வேட்டி கட்டிய சுவரில் படம் ஓடியது. 'முக ஒப்பனை' என்று திரை நிறைய ஒருவர் பெயர் வந்தது. அப்பாவின் பெயர் எங்கேயும் வரவில்லை.

"இந்த மேக்கப்மேனுக்குக் கேடயமெல்லாம் குடுத்தாங்க," என்றார் அம்மா. "நல்ல மனுஷன்தான், மேக்கப்பைக் கலைச்சு விடத்தான் மறந்துட்டாருன்னு அப்பா சொல்வாரு."

எனக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். எங்கே வயலின் அறுக்கும், எங்கே இடி விழும் எல்லாம் தோளுக்குத் தெரியும். அந்தந்த இடத்தில் தோள் தானாக ஏறியது. ஒன்றும் வராததால் அசடு வழிந்து இறங்கியது. சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஒரு வேலைக்காரர். மழையில் வந்த கதாநாயகிக்கு விளக்கோடு கதவைத் திறக்கிறார். அவள் மயங்கி விழுகிறாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள்மேல் சாரல் படாமல் ஜன்னலைச் சாத்துகிறார். விழித்ததும் அவள் மாடிக்கு ஓடுகிறாள். அவர் கீழே கிடந்த சால்வையை உதறி மடித்துக்கொண்டு பின்னாலேயே மாடிப்படி ஏறுகிறார். கழுத்தை நெரிக்கத்தான் ஏறுகிறார் என்று இத்தனை நாளும் நான் நம்பியிருந்தேன். பயமுறுத்தியவன் வயலின்காரன், பழி இவர் தலையில்.

படியின் உச்சியில் முகம் பெரிதாக வந்தது. வாய் திறந்தது.

"இந்த இடத்துல ஒரு உறுமல் வரும்," என்றேன், வழிகாட்டி மாதிரி.

"நிறுத்துங்க."

"நிறுத்தினா சூட்டுல சுருள் பொசுங்கிடும்மா. பின்னால ஓட்டறேன்."

ஓட்டினேன். அம்மா எழுந்து வேட்டியின் அருகில் போய் நின்றார். அப்பாவின் முகம் மறுபடி பெரிதானது. கீழே, அம்மாவின் உதடு அதோடு சேர்ந்து அசைந்தது. இன்னொரு தடவை என்று விரலைச் சுழற்றினார். இன்னொரு தடவை ஓட்டினேன்.

"அப்பாவுக்கு இந்தப் பக்கம் உதடு மூடாது," என்றார் திரும்பாமலே. "பேசினா வெளியாளுக்குப் பிடிபடாது. வீட்ல எங்களுக்குப் பழக்கம்." பிறகு நிதானமாக, வாசிப்பது போலச் சொன்னார்: "'நனைஞ்சிருக்கீங்கம்மா. இதைப் போத்திக்கோங்க.'"

புரொஜெக்டர் மட்டும் படபடத்தது. திரையில் நாயகி வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல், அவர்மேல் நாற்காலியை எறிந்தாள்.

"அப்போ தாத்தாவுக்கு வசனம் இருந்திருக்கு," என்றாள் மகள்.

"எழுதிக் குடுத்தாங்களா, அவராவே சொன்னாரா, யாருக்குத் தெரியும்."

"யாரு எழுதினா என்னம்மா. சொல்லியிருக்காரு. மேல உறுமலைப் பூசிட்டாங்க."

தீப்பந்தக் கூட்டம் வரும் கட்டத்தையும் அம்மா கண் எடுக்காமல் பார்த்தார். சுருளின் வால் சட்சட்டென்று அடித்துக்கொண்டு சுற்றியது. மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். லாரி ஆபீஸில் சரக்கு வராததற்குச் சண்டை போடுகிற குரல் அது என்று நினைக்கிறேன், உள்ளே வரைக்கும் கேட்டது.

"வரேன் சார். ஆனா நான் பேசறது என் குரல்லயே வரணும். மேல எதையும் பூசக் கூடாது... இல்ல சார், கொஞ்சம் கொழகொழன்னுதான் இருக்கும். அப்படியேதான் வரணும்... எழுதிக் குடுங்க."

திரும்பி வந்து, "டைரக்டரைக் கேட்டுட்டுக் கூப்பிடறாராம்," என்றாள். சரி என்றோ வேண்டாம் என்றோ அம்மா சொல்லவில்லை. மகளின் காலரைத் திருத்திவிட்டார்.

கிளம்பும்போது அம்மா சுவர்ப் பக்கம் பார்த்திருந்த சுவரொட்டியை எடுத்து, தானே முன்பக்கமாகத் திருப்பினார். "மேக்கப்மேன் பேர் இருக்கற ஓரத்தைக் கிழிச்சுட்டா எவ்வளவு குறைப்பீங்க?"

"கிழிச்சா விலை ஏறிடும்மா."

இரண்டு தவணையில் அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. "இங்கயே இருக்கட்டும். திருப்பி மட்டும் வைக்காதீங்க."

ஜன்னலோரம் தெருவைப் பார்க்க வைத்தேன். கீழே அவர்கள் இன்னும் கிளம்பவில்லை. அம்மா பின்னால் உட்கார்ந்திருக்க, மகள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடிக்காத கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் ஆகாத நாளிலும் கணக்குக் கூட்டாமல் கடையைச் சாத்துவது எங்கள் வீட்டில் கிடையாது. வேறு கணக்கு இல்லாததால் சுவரொட்டியில் இருந்த அந்த அப்பாவுடையதைக் கூட்டினேன். கொடுத்தது: திறந்த கதவு, சாத்திய ஜன்னல், விளக்கு, சால்வை, ஒரு வாக்கியம். வந்தது: மயக்கம், அலறல், நாற்காலி, தீ. வாக்கியத்துக்கு எதிரே மட்டும் எதுவும் வரவில்லை. பாக்கி.