சங்கையாவுக்குப் போட்ட இலை

மாரிசாமிக்கு வயிற்றில் பசி, மனசில் அண்ணன். இரண்டும் ஒன்றாகவே வந்து தொலைக்கும், என்ன செய்ய?

அண்ணன் சங்கையா குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து இன்றோடு ஒரு வருஷம். வயது நாற்பத்துநாலுதான். அப்பாவும் அதே நோயில், ஐம்பதைத் தொடாமல் போனவர். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அண்ணனும் தம்பியும் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேராக விருதுநகருக்கு வண்டியை விடுவார்கள். எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டா, மட்டன் சுக்கா. "தின்னுலே, தின்னாத்தான் உடம்பு" என்று அண்ணன் தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பான். அந்தக் கை இனி எந்தக் கடையில் கிடைக்கும்?

எட்டு மாதத்துக்கு முன் மாரிசாமியின் ரத்தத்தைச் சோதித்த மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "வம்சத்துல வந்ததை மாத்த முடியாது. ஆனா சாப்பாடு உங்க கையில இருக்கு. கொழுப்பு, கலோரி, எடை எல்லாத்தையும் குறைங்க. வருஷா வருஷம் குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்துருவோம், வந்தாலும் முளையிலேயே கிள்ளிடலாம்." அன்றிலிருந்து கீரையும் அளந்த சோறும்தான். பதினோரு கிலோ இறங்கிவிட்டது.

ஊர்க் கண்ணுக்கு மெலிந்தவன் எல்லாம் நோயாளி. வருஷப் படையலுக்கு வந்தவனைப் பார்த்ததும் மதினி கருப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கையாவும் இப்படித்தான் வற்றிப்போனான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். செத்தவனுக்குப் படைத்த இலையில் கூடப் பிறந்தவன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் போனவன் பட்டினியாகத் திரும்பிப் போவானாம். இலை நிறைய விருதுநகர் பரோட்டா, சுக்கா.

மாரிசாமி ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டான். மொறுமொறுவென்று நொறுங்கியது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கண் கலங்கிவிட்டது. அடுத்த துண்டுக்குப் போன கை பாதியில் நின்றது.

"உங்க அண்ணன் மாதிரி மறைக்காதீக கொழுந்தனாரே. எப்ப இருந்து இருக்கு?" என்றாள் கருப்பம்மாள்.

"நோய் இல்ல மதினி. வராம இருக்கத்தான் வாயைக் கட்டியிருக்கேன்."

"வராத நோய்க்கு எதுக்குப் பத்தியம்?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் எட்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போய்விடலாம். ஆசைக்கு ஆசையும் ஆச்சு, வழக்கத்துக்கு வழக்கமும் ஆச்சு. ஆனால் அடுத்த அறையில் அண்ணன் மகள் இசைவாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அவள் சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்டது.

மாரிசாமி இலையைத் தள்ளி வைத்தான். "இந்த நோய்க்கு விதை எங்க அப்பா வழி ரத்தத்துல வர்றது மதினி. அண்ணனுக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கு. இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல. ஆனா நம்ம இசைக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. ரத்தம் பாத்தாத்தான் தெரியும்."

கருப்பம்மாள் அழவில்லை. பரோட்டாத் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"யம்மா, இன்னும் ரெண்டு கொண்டா!" அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

கருப்பம்மாள் பழக்கத்தில் நாலு எட்டு வைத்துவிட்டாள். நிலைவாசலில் கால் நின்றது.

"போதும் தாயி," என்றாள். பெற்ற பிள்ளையிடம் அவள் 'போதும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.