பாலாலயத்து அம்மனும் பார்சிலோனா கோபுரமும்

அய்யாசாமிக்குப் பதவி போகப்போகிறது என்று பர்மாவில் பபேடான் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரன்கூட அவரைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தான். மந்திரி பதவியெல்லாம் ஒன்றுமில்லை, மாரியம்மன் கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர் பதவிதான். ஆனால் பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய், அது சின்னப் பதவி என்று சொல்லிப் பாருங்கள். லான்மடாவில் இருக்கும் அவருடைய இரும்புச் சாமான் கடையில் அவர் வெறும் அய்யாசாமி. ஆணி இருக்கா, கீல் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கோயிலுக்குள் கால் வைத்தால் 'தலைவரே'.

மூன்று நிலைக் கோபுரத்தை ஐந்து நிலையாக்குகிறேன் என்றுதான் ஆரம்பித்தார். சுற்றிலும் மூங்கில் சாரம் கட்டியாயிற்று. முறைப்படி அம்மனை அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, ஒரு தகரக் கொட்டகையில் வைத்து, அதற்குப் பாலாலயம் என்று பெயரும் சொல்லி, கருவறைக் கதவைச் சாத்தினார்கள். இனி கும்பாபிஷேகத்துக்குத்தான் கதவு திறக்கும். ஆறே மாசம் என்றார். பிறகு நாலாம் நிலையில் ஒரு பொம்மைக்கு மூக்கு சரியில்லை என்று இடிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் சுண்ணாம்பில் குறை. அதற்கடுத்த வருஷம் நாள் சரியில்லை. யார் கேட்டாலும் 'மபீதேபூ', இன்னும் முடியலை என்று பர்மியத்தில் ஒரே வார்த்தை. கும்பாபிஷேகம் நடந்த மறுநாள் திருப்பணிக் கமிட்டி கலைந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டம். தலைவரை மாற்றும் தீர்மானத்தைச் செயலாளர் விநாயகமூர்த்தி எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அய்யாசாமி அசரவில்லை. போன மாசம்தான் அவரும் மனைவி தமிழரசியும் பார்சிலோனாவுக்குப் போய், அங்கே ஹோட்டலில் வேலை பார்க்கும் மகள் அர்ச்சனாவோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கிருந்து கையோடு ஒரு பிரம்மாஸ்திரத்தையும் கொண்டுவந்திருந்தார்.

மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் முதல் படத்தைக் காட்டினார். கறையான் புற்று ஒன்று வானத்துக்கு வளர்ந்ததுபோல் ஒரு கட்டடம்.

"இது சக்ராதா ஃபமீலியா. உலகத்துலயே பேர்போன கோயில், வேதக்காரங்க கோயில். உள்ள போக டிக்கெட்டு. நம்ம ஊரு ஷ்வேடகோன் பகோடாவுல வெளிநாட்டுக்காரன்கிட்டதான் டிக்கெட் வாங்குவான்னு நெனச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம்தான் உறைச்சது, அங்க நாமதான் வெளிநாட்டுக்காரன்."

கூட்டம் சிரித்தது. அடுத்த படத்தில் அய்யாசாமி கோட்டுப் போட்டு வெறுங்காலோடு நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பையில என்ன தலைவரே?" என்றார் விநாயகமூர்த்தி.

"சப்பாத்து."

கோயில் வாசல் வந்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது, அவர் என்ன செய்வார்? ஷ்வேடகோன் படிக்கட்டில் அறுபது வருஷம் பழகின கால். காவலாளி ஓடிவந்து பையைத் திறந்து பார்த்து, மூக்கைச் சுளித்து, போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினான். சாமி இருக்கிற இடத்தில் மாட்டேன் என்று இவர் தமிழில் சண்டை போட்டார். அர்ச்சனா யாரோ மாதிரி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். கடைசியில் தமிழரசி, "பேசாம மாட்டுங்க, மானம் போவுது" என்ற பிறகுதான் மாட்டினார்.

"சரி, விஷயத்துக்கு வர்றேன்" என்று தொண்டையைச் செருமினார். "உச்சியில பாருங்க, கலசம் இருக்க வேண்டிய எடத்துல பழக்கூடை. தூணுக்கு அடியில ஆமை. நம்ம ஸ்தபதி இப்படிச் செஞ்சா சும்மா விடுவீங்களா? அத விடுங்க. இந்த வேலை எப்ப ஆரம்பிச்சது தெரியுமா? ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்தி ரெண்டு. கட்டுன மகராசன் டிராம்ல அடிபட்டுச் செத்தே நூறு வருஷம் ஆகப்போவுது. இன்னும் கிரேன் நிக்குது. நூத்தி நாப்பது வருஷம், மபீதேபூ. எவனாவது கமிட்டியைக் கலைன்னு சொன்னானா? நான் வந்து பதினோரு வருஷம்தான் ஆச்சு. குழந்தை."

மண்டபம் குலுங்கியது. ஆள் கில்லாடி என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. விநாயகமூர்த்தியின் கை சட்டைப்பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. தப்பித்தோம் என்று அய்யாசாமிக்கு உள்ளங்காலிலிருந்து குளிர்ந்தது.

அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் மதுமிதா கையைத் தூக்கினாள். வீட்டில்கூட பர்மியம் பேசுகிற பெண், பெரியவர்களைப் பர்மிய மரியாதையில் 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவாள். தமிழைத் தேடித் தேடி எடுத்தாள்.

"ஊ அய்யாசாமி, அந்தக் கோயில்ல உள்ள சாமி கும்பிட விடுவாங்களா?"

"விடாம? உள்ள எல்லாம் முடிச்சு, பூசை அது பாட்டுக்கு நடக்குது. வெளிய கோபுரம்தான் பாக்கி" என்று பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கு எட்டு வயசுல இங்க கதவை மூடினாங்க. அம்மன் முகம் நெனச்சுப் பாத்தா காலண்டர் படம்தான் வருது. நெஜ முகம் எனக்கு மறந்திருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. "பொறுமையா இரும்மா" என்று அய்யாசாமி ஏதோ தொடங்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து தமிழரசி எழுந்தாள்.

"இந்த மனுஷன் அங்க உள்ள நின்னு அழுதாரு."

"தமிழு, உக்காரு."

"கண்ணாடி சன்னல் வழியா பச்சையும் செவப்புமா வெயில் விழுது. அத்தனை பேரும் அண்ணாந்து போட்டோ எடுக்கறாங்க. இவரு மட்டும் தலையைக் குனிஞ்சுகிட்டு அழுவறாரு. ஏன்னு கேட்டேன். பதவி ஆசையில ஆத்தாளைத் தகரக் கொட்டாயில ஒக்கார வச்சுட்டேன்டி, அப்படின்னாரு."

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்குனேனே உங்கிட்ட."

"வாங்கினீங்க. நானும் ஒரு மாசம் காப்பாத்தினேன். நீங்க இப்படிப் படம் காட்டி ஜெயிச்சிட்டு வந்தா, ராத்திரி பக்கத்துல படுக்கறது நானில்ல? தூங்காம புரளுறதை நான்தானே பாக்கணும்?"

அய்யாசாமிக்கு முகம் எரிந்தது. இவளை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தார். மறு கணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நல்ல வெயிலில் தகரம் சூடேறி, குருக்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தீபாராதனை காட்டுவதைப் பதினோரு கோடையாகப் பார்த்தவர் அவர். பார்த்துவிட்டு மூக்கு சரியில்லை என்று பொம்மையை இடித்தவரும் அவர்தான். வெட்கமாக இருந்தது.

"தை மாசம் கும்பாபிஷேகம்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னார். "கோபுரம் மூணு நிலையோட நிக்கட்டும். மேல கட்டுனத எறக்கிட்டு கலசத்தை வச்சிருங்க."

விநாயகமூர்த்திதான் முதலில் எழுந்து வந்தார். எதிரிதான், ஆனாலும் நல்ல மனுஷன். "தேதியே சொல்லிட்டீங்க, அப்புறம் தீர்மானம் எதுக்கு? தை வரைக்கும் நீங்களே இருங்க தலைவரே."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் அய்யாசாமி மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம்யா, தீர்மானத்தை வாசி. என்னை வச்சிருந்தா தை வர்றதுக்குள்ள இன்னொரு பொம்மையில குறை கண்டுபிடிச்சிருவேன். என்னை எனக்குத் தெரியும்."

விநாயகமூர்த்தி தயங்கித் தயங்கி வாசித்தார். அய்யாசாமியைத் தலைவர் பதவியிலிருந்து விடுவிக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் முதலில் எழுந்தது அய்யாசாமியின் கை. அதைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மதுமிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினாள்.

தமிழரசி மட்டும் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் போட்டு உடைச்சவ நீ. தூக்குடி" என்றார் அய்யாசாமி.

"நான் மாட்டேன். உங்களை எறக்கறதுக்கா நான் சொன்னேன்?" என்றாள் அவள்.