கதவுக்காரிக்குப் பின்னால்

அவளுக்குப் பெயர் வைத்தது கம்பெனி இல்லை. விளையாடுகிறவர்கள் வைத்தார்கள்.

மூன்றாவது புதுப்பிப்பு வெளியானபோது, கம்பெனியின் கணினி விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு மூடிய கதவு இருந்தது. கதவின் முன்னால் ஒரு பெண் நின்றாள். முகத்தை மறைத்த முக்காடு. கையில் ஒன்றுமில்லை. பேசமாட்டாள், அடிக்கமாட்டாள், கிட்டே போனால் மறைந்துவிடுவாள். தூரத்தில் நின்று பார்த்தால் மட்டும் ஒரு காரியம் செய்வாள். இடது உள்ளங்கையால் கதவின் கீழே ஒரு தட்டு, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. பிறகு கதவில் காதை வைப்பாள். பிறகு இரண்டடி பின்னால் வந்து, இடது தோளைச் சுவரில் சாய்த்து நிற்பாள்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் கதவுக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இணையத்தில் இருந்த ரசிகர் மன்றத்தில் "இவளுக்கு என்னதான் வேணும்?" என்று ஒருவர் கேட்டதற்கு நாலாயிரம் பதில்கள்.

"உள்ளே எதையோ பூட்டி வெச்சிருக்கா. அது வெளிய வந்தா எல்லாரும் காலி."

"கொலைகாரி. தட்டிப் பாத்து, ஆள் செத்தாச்சான்னு கேக்கறா."

"ஒண்ணுமில்லப்பா. வெளிய மாமியார் நிக்கிறாங்க."

கடைசியைப் படித்தபோது கம்பெனியின் சாப்பாட்டு அறையில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. கதவுக்காரியின் உடம்பு அவளுடையது.

வேலை இதுதான். உடம்பைப் பிடிக்கும் கறுப்பு உடை. அதன் மேல் பட்டாணி அளவு வெள்ளைப் பந்துகள். கூரையைச் சுற்றிக் கேமராக்கள். அவள் நடப்பாள், ஓடுவாள், மெத்தையில் விழுவாள், வாளே இல்லாமல் வாள் வீசுவாள். கேமராக்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பந்துகளை மட்டுமே பார்க்கும். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தாள். பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று சேரும்போதே கேட்டு எழுதி வாங்கியிருந்தாள். வீட்டில் மகளிடம்கூட ஆபீஸ் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டை விட்டு வந்தவள் அவள். கணவனை அங்கே விட்டாள். தன் பெயரையும் மகளின் பெயரையும் விட்டாள். அவன் மகளுக்கு வைத்திருந்த செல்லப் பெயரையும் விட்டாள். சட்டைப் பொத்தானைக் கடிக்கிற பிள்ளை என்பதால் பொத்தான் என்று கூப்பிடுவான். அவனைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதன் பிறகு இரண்டு ஊர்களில் அவன் தேடி வந்து நின்றான். இது மூன்றாவது ஊர். இங்கே இரண்டு வருஷமாக அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்த பதிவு வந்தது. யாரோ கதவுக்காரியின் கையை மெதுவாக ஓட்டி வீடியோ போட்டிருந்தார்கள். கீழே, நடுவில், மேலே.

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். இதை அவள் நடிக்கவே இல்லை. நில், சுற்றிப் பார், இவ்வளவுதான் அவளுக்குச் சொன்னது.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எலும்பின் மேசைக்குப் போனாள். பதிவான அசைவுகளைப் பாத்திரங்களின் எலும்புக்கூட்டில் பொருத்துவது அவன் வேலை. ஆளும் அதற்கேற்ற மாதிரி இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது.

"எலும்பு, கதவைத் தட்டறது எங்கேருந்து வந்துது?"

"உங்ககிட்டேருந்துதான்க்கா."

"நான் அப்படிப் பண்ணவே இல்லையே."

"இடைவேளைல பண்ணினீங்க. நான் பதிவை நிறுத்தறதில்ல. நிறுத்தினா மறுபடியும் உங்களைக் கை விரிச்சு நிக்க வெச்சு, பந்து ஒவ்வொண்ணா சரிபாக்கணும். அரைமணி நேரம் போயிடும். அதான் ஓடட்டும்னு விட்டுடுவேன்." அவன் பெருமையாகத் திரும்பினான். "நீங்க நடிச்சதைப் பொருத்திப் பாத்தேன். பொம்மை மாதிரி இருந்துது. கோவிச்சுக்காதீங்க. இடைவேளைல கதவுகிட்ட போய் நின்னீங்க பாருங்க, அதுல உயிர் இருந்துது. அதையே வெச்சுட்டேன்."

"எடுத்துடு."

"எதை?"

"அதைத்தான். இன்னைக்கே."

"நாலாயிரம் பேர் அதைப் பத்தித்தான் பேசறாங்கக்கா. எடுத்தா நாப்பதாயிரம் பேர் பேசுவாங்க. ஏன் எடுத்தாங்கன்னு அதுக்கு ஒரு கதை கட்டுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?"

அவன் சொன்னது சரி. அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது. அந்தக் கதவில் அவள் என்ன தேடுகிறாள் என்று தெரிந்த ஆள் உலகத்தில் அவள் விட்டு வந்த கணவன் ஒருவன்தான். அவன் விளையாட்டு விளையாடுகிறவன் இல்லை. ஆனால் தெருவெல்லாம் கதவுக்காரியின் படம் ஒட்டியிருந்தது.

அதற்கு நான்காம் நாள் மதியம் மன்றத்தில் ஒரு புதிய ஆள் வந்தார். வைத்துக்கொண்ட பெயர் அரைத்தூக்கம்.

"நீங்க எல்லாரும் தப்பு. அவ யாரையும் பூட்டி வைக்கல. அந்தக் கதவுல கீழ்த் தாழ்ப்பாள் சரியா விழாது. உள்ளங்கையால அழுத்தணும். அதான் முதல்ல கீழே தட்டறா. காது வைக்கிறது மாடிப்படியில சத்தம் வருதான்னு கேக்க. வேகமா வந்தா ஒரு மாதிரி, மெதுவா வந்தா வேற மாதிரி. மெதுவா வந்தாத்தான் மோசம். வலது தோள் ஒரு தடவை உடைஞ்சுது. அதான் இடது பக்கம் சாயறா."

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, இது எந்தக் கட்டத்துல வருது?"

"எந்தக் கட்டத்துலயும் வராது. எனக்குத் தெரியும்."

மன்றம் விழுந்து கும்பிட்டது. இதுவரை வந்ததிலேயே இதுதான் கதை என்றார்கள். தலைவா என்றார்கள். இன்னும் சொல்லுங்க என்றார்கள்.

அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அதை மூன்று முறை படித்தாள். மெதுவாக வந்தால்தான் மோசம். இதை அவள் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொன்னதில்லை. மருத்துவரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அரைத்தூக்கம் இன்னொன்று எழுதியிருந்தது.

"எல்லாரும் கதவையே பாக்கறீங்க. பின்னாடி பாருங்க. அவளுக்குப் பின்னாடி ஒரு குழந்தை இருக்கு."

"பெரிசாக்கிப் பாத்துட்டேன். வெறும் சுவர்தான் இருக்கு."

"இருக்கு."

கணவனுக்கு வேண்டியது அவள் இல்லை, மகள்.

அதற்குக் கீழே ரசிகர்கள் வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இது நிஜமான ஒரு பெண்ணின் அசைவு, யார் அவள், கண்டுபிடிப்போம் வாருங்கள் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் கம்பெனி எப்போதோ வெளியிட்ட ஆபீஸ் படத்தை எடுத்துப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு இரும்புப் படிக்கட்டு தெரிகிற படம். மூன்றாமவர் அந்தப் படிக்கட்டு எந்தத் தெருவில் இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார். எல்லாம் இரண்டு மணி நேரத்தில். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. "நேரா போய் ஒரு வணக்கம் சொல்லணும்" என்று எழுதி, பூ போட்டிருந்தார்கள்.

விளம்பரப் பிரிவுக்காரர் இனிப்பு டப்பாவோடு மேசை மேசையாக வந்தார். "பத்துப் பைசா செலவில்லாம ஊரே நம்மளைப் பேசுதுங்க! அக்கா, எடுத்துக்குங்க. ஏன் முகம் இப்படி இருக்கு?"

அவள் எலும்பைப் பதிவு அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். இரும்புக் கதவைச் சாத்தினாள். கை தானாகக் கீழே போயிற்று. அவன் அதைப் பார்த்தான். கீழே, நடுவில், மேலே.

நாலே வரியில் சொல்லி முடித்தாள். அவன் கன்னம் இன்னும் ஒட்டிப்போனது.

"அக்கா, நான் வேணும்னு..."

"தெரியும். வண்டி இருக்கா?"

"இருக்கு."

"என்னைப் பள்ளிக்கூடத்துல விடு. அப்புறம் நாலு மணிக்கு எங்க வீட்டுக்குக் கீழே வந்து நில்லு. மேலே ஏறாதே. படியில யார் சத்தமும் எனக்கு வேண்டாம். வந்ததும் போன் பண்ணு, ஒரு தடவை மணி அடிச்சதும் வெச்சுடு."

"எங்கே போகணும்?"

"வண்டில ஏறினப்புறம் சொல்றேன்."

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. மகள் காலணியைக் கழற்றுவதற்குள் அவள் அலமாரியிலிருந்து பையை இறக்கிவிட்டாள்.

"துணி எடுத்து வை."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு நாளைக்கு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பதின்மூன்று வயது. அம்மாவின் உயரத்துக்கு இரண்டு விரல் குறைவு.

"நாலு வருஷத்துக்கு முன்னாடியும் ரெண்டு நாளைக்குன்னுதாம்மா சொன்னே."

"கேள்வி கேக்காதே. எடு."

"நான் வரல. எனக்கு இங்கே சிநேகிதங்க இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா பேர் சொல்லி, புதுசா பொய் சொல்லி... என்னால முடியாது."

"அப்பா கண்டுபிடிச்சுட்டார்."

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். "எப்படித் தெரியும்?"

அவள் போனை நீட்டினாள். மகள் படித்தாள். படிக்கப் படிக்க அவள் காது சிவந்தது. படித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, இது அப்பா இல்ல."

"உனக்கென்ன தெரியும்?"

"இது நான்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ராத்திரியெல்லாம் நீ தூங்கிட்டுதானே இருப்பே?"

"பாதி." மகள் விரலால் போர்வையைச் சுரண்டினாள். "போன வாரம் சிநேகிதி வீட்டுல விளையாடினோம். கதவுக்காரி ரெண்டடி பின்னால வந்தா பாரு, முதல் அடியிலேயே நீன்னு தெரிஞ்சுடுச்சு. ஆபீஸ் வேலைன்னு சொன்னியே, பெரிய ஆபீஸ்! எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? மன்றத்துல போய்ப் பாத்தா கொலைகாரி, பேய், சூனியக்காரின்னு கண்டபடி எழுதியிருக்காங்க. எப்படிம்மா பாத்துட்டு சும்மா இருக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நேற்றிலிருந்து அவளைத் துரத்திய பேய் எதிரே பள்ளிச் சீருடையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"தலைவான்னு கூப்பிட்டாங்களே, பாத்தியா?" என்றாள் மகள்.

"பாத்தேன், தலைவா."

எலும்பிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் எனப் போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள்.

"உனக்குத் தனியா யாராவது எழுதினாங்களா?"

"இருநூறு பேருக்கு மேல. நான் ஒண்ணும் திறக்கல. பாதிப் பேர் பைத்தியம்."

"காட்டு."

இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் தன் கதையைச் சரிபார்க்கச் சொன்னார். ஒருவர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தார். மகள் சிரித்தாள். ஒருவர் கதவுக்காரியை வரைந்து அனுப்பியிருந்தார். பின்னால் ஒரு குழந்தையும் வரைந்திருந்தார். மகள் அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

அம்மாவின் விரல் கீழே நகர்ந்தது. படமில்லாத, பெயரில்லாத ஒரு கணக்கு. அன்று காலை பதினொரு மணி. ஒரே வரி.

"பொத்தான், அம்மா அந்தத் தாழ்ப்பாளை மாத்திட்டாளா?"

மகள் திரும்பி வந்தபோது போன் கவிழ்ந்து கிடந்தது. அம்மா பைக்குள் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். மடிக்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கோ. நாலு மணிக்கு எங்க ஆபீஸ் எலும்பு கீழே வண்டியோட வந்து நிப்பார்."

மகள் கவிழ்ந்த போனைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"நான்தானே காட்டிக்கொடுத்தேன்?"

"இல்ல. கை என்னோடது."

மகள் இரண்டு நாளுக்கான துணியை எடுக்கவில்லை. புத்தகங்களையும், பல் துலக்கும் பிரஷையும், சிநேகிதிகளோடு எடுத்த படத்தையும் எடுத்து வைத்தாள்.

நாலு மணிக்குப் போன் ஒரு முறை அடித்து நின்றது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்கு வந்தாள். மகள் பின்னால் நின்றாள். அப்போதுதான் படியில் சத்தம் கேட்டது.

கீழே இருந்து ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். மெதுவாக.

அவள் உள்ளங்கை கதவின் கீழே போயிற்று. பிறகு நடுவில். பிறகு மேலே. மூன்று தாழ்ப்பாள்களும் விழுந்திருந்தன. காதை வைத்தாள். முதல் மாடி. பின்னால் மகளின் மூச்சு நின்றுவிட்டது. இரண்டாவது மாடி. காலடி நின்றது. ஒரு பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிற சத்தம். மறுபடி ஏறியது. மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே, ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில், யாரோ மூச்சு வாங்கினார்.

இரண்டடி பின்னால் வரவேண்டிய நேரம் அது. தோளைச் சுவரில் சாய்க்கவேண்டிய நேரம். அவள் அசையவில்லை.

காலடி மேலே ஏறிப் போயிற்று. நாலாவது மாடியில் சாவி திரும்பியது. கதவு திறந்து மூடியது.

அன்று மன்றத்தில் ஓட்டெடுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கதவுக்காரி என்றைக்காவது கதவைத் திறப்பாளா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாட்டாள் என்று குத்தியிருந்தார்கள்.

அவள் பின்னால் கையை நீட்டினாள். மகளின் கை வந்து சேர்ந்தது. ஈரமாக இருந்தது.

"அம்மா, கீழே எலும்பு மாமா மட்டும்தானே நிப்பாரு?"

"தெரியாது."

மேல் தாழ்ப்பாளை இழுத்தாள். பிறகு நடுத் தாழ்ப்பாளை. குனிந்து கீழ்த் தாழ்ப்பாளைத் தொட்டாள். இந்த வீட்டில் அதற்கு ஒரு குறையும் இல்லை. விரல் பட்டதுமே மேலே வந்தது.

கதவைத் திறந்தாள்.