வுகோசாவா இறக்கிய ஸ்டீயரிங்

வுகோசாவா காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் பந்தய வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள், வேறு என்ன வேலை அவர்களுக்கு? ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பு சரியாக அவள் கண்ணுக்கு நேரே நின்றது. எம்பிப் பார்த்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. கால் எட்டினால் சாலை தெரியவில்லை.

"அடுத்த வருஷத்துக்குள்ள வளந்துடுவா, விடுங்கப்பா!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் எங்கிருந்தோ ஒரு தலையணையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினான். "இந்தாம்மா, இதுமேல ராணியாட்டம் உக்காரு."

தலையணையை வாங்கி அவன் முகத்திலேயே வீசினாள்.

வல்யேவோ மலைப் பந்தயத்துக்கு வரும் பழைய கார்களில் இந்தச் சிவப்புக் காருக்கு நிகர் கிடையாது. விவாகரத்தின்போது வீடும் பிளம் தோப்பும் கணவன் புதிமிருக்கே இருக்கட்டும், எனக்கு இது போதும் என்று கேட்டு வாங்கினாள். புதிமிருக்கு அது பொறுக்கவில்லை. கார் கிளப்பில் எல்லோர் எதிரிலும் சவால் விட்டான். "பந்தயத்தன்னிக்கு நீயே ஓட்டிக்கிட்டு உச்சிக்கு வந்துடு. அப்புறம் இந்தக் காரைப் பத்தி நான் வாயே தொறக்கமாட்டேன். வரலைன்னா சாவி என் கைக்கு வந்துடணும்." ரோஷத்தில் அவளும் சரி என்றுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மகராசன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, நேற்றுச் சாயங்காலம்தான் காரைக் கொண்டுவந்து விட்டான்.

புதிமிர் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். ஸ்டீயரிங் தண்டை டாஷ்போர்டுக்கு அடியில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி முடுக்கி வைத்திருந்தான். வசந்தத்தில் நடந்த கிளப் சோதனையில், யாரும் கழற்றினால் தெரியும்படி அந்த போல்ட்டுகள் மேல் பச்சைப் பெயிண்டால் பொட்டு வைத்துவிட்டார்கள். பொட்டு உடைந்த காருக்குப் பந்தயத்தில் இடமில்லை. அது கிளப் சட்டம்.

அவன் வீட்டிலும் எல்லாம் அவன் அளவுதான். குளியலறைக் கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது தன் நெற்றி மட்டும். உப்பு எடுக்கக்கூட முக்காலி போட்டு ஏறியே காலத்தைத் தள்ளினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அலமாரியைக் கொஞ்சம் இறக்கித் தரட்டுமா என்று அவன் கேட்டதில்லை.

காரை விட்டு இறங்கி நேரே ராதிவோயிடம் போனாள். அவர்தான் மெக்கானிக், பொட்டு வைத்த சோதனைக்காரரும் அவரே. போதாக்குறைக்கு அவளுக்கும் புதிமிருக்கும் அவர் 'கூம்'. கல்யாணத்தன்று தேவாலயத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவர். எங்கள் பக்கம் கூம் உறவு ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். கல்யாணம் அறுந்தாலும் அது அறுவதில்லை.

"கூமே, ஸ்டீயரிங்கை இறக்கிக் குடு."

"பொட்டு போயிடும்மா. பந்தயத்துலேருந்து ஒன் நம்பரை நானே அடிச்சுடணும்."

"அடி."

"புதிமிரும் எனக்குக் கூம்தானே? ரெண்டு பேருக்கு நடுவுல என்னை ஏன் இழுக்கறே?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடவுள் பேரால கேக்கறேன். புனித யோவான் பேரால கேக்கறேன். செஞ்சு குடு, கூமே."

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அப்படியே அடங்கியது. கடவுளையும், கூம் உறவுக்குக் காவலரான யோவானையும் சொல்லி ஒரு கூமிடம் கேட்டுவிட்டால் மறுக்கக்கூடாது. மறுத்தவன் முகத்தில் ஊர் விழிக்காது. ராதிவோய் சிலுவை போட்டுக்கொண்டார். அதே மூச்சில் கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னார். பிறகு ஸ்பேனரோடு பக்கத்து இருக்கை வழியாக டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தார்.

பொட்டு உடைந்தது. வுகோசாவா மறுபடி ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுத்தாள். தண்டு முனகிக்கொண்டே இறங்கி அவள் மார்புக்கு நேரே வந்து நின்றது. அடேயப்பா, சாலை தெரிந்தது! மலை தெரிந்தது! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ராதிவோய் முடுக்கிவிட்டு எழுந்தார். "அவ்வளவுதான், கெளம்பு. பத்து மணிக்கு ரோட்டை மூடிடுவாங்க."

அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். பாதியில் பிடித்தது. "இல்லை. கடிக்குது."

"போகப் போகச் சரியாயிடும்."

"வளைவுல கடிச்சா பள்ளத்துல கெடப்பேன். ஒழுங்கா செய்யி."

முணுமுணுத்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். தண்டின் கீழ்முனை பூட்டியிருக்கும் பெட்டியையும் தளர்த்தி, அது தானாக நேர்நிலைக்கு வந்ததும் மறுபடி இறுக்கினார். இப்போது ஒரு விரலுக்கே ஸ்டீயரிங் சுற்றியது. பிறகு கதவில் ஒட்டியிருந்த நம்பரைத் தன் கையாலேயே கிழித்தெடுத்தார். சட்டம் சட்டம்தானே.

அதுவரை தள்ளி நின்று பிராந்தி குடித்துக்கொண்டிருந்த புதிமிர் கைதட்டிக்கொண்டு வந்தான். "முடிஞ்சுதா? நம்பர் போச்சு, பந்தயம் போச்சு. சாவியைக் குடு."

"பந்தயத்துல ஜெயிக்கிறேன்னா சொன்னேன்? உச்சிக்கு வரேன்னேன். ரோடு இன்னும் மூடலை. வழிய விடு."

"அப்ப நானும் வரேன். நடுவழியில நின்னா யாரு ஓட்டறது?" பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். இறக்கிவிட நேரமில்லை. கியரைப் போட்டாள்.

வழி நெடுக வாய் ஓயவில்லை அவனுக்கு. கிளட்சை விடு. கியரை மாத்து. இவ்வளவு மெதுவாவா? அவள் காதில் எதையும் வாங்கவில்லை. கார் அவள் சொன்னபடி கேட்டது, அந்தச் சுகத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே விறகு லாரி வந்தது. புதிமிரின் கை சட்டென்று ஸ்டீயரிங்குக்கு நீண்டது. பளாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

"கையை மடியில வை!"

லாரியை ஒட்டி, ஒரு கீறல் படாமல், வளைவை எடுத்தாள். புதிமிர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

உச்சியில் காத்திருந்தவர்கள் முதல் பந்தயக் காருக்காக நின்றவர்கள். நம்பரே இல்லாத சிவப்புக் கார் வருவதைப் பார்த்ததும் யாரோ விசிலடித்தார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். வுகோசாவா இறங்கினாள்.

பழக்கதோஷம் விடுமா? புதிமிரும் இறங்கி, காரை ஓரம் கட்டுவதற்காக ஓட்டுநர் இருக்கையில் நுழையப் பார்த்தான். ஒரு கால் உள்ளே போனது. முட்டி ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்ன கண்றாவி இது! ஏத்தி வை மொதல்ல. மனுஷன் உக்கார வேணாமா?"

"நான் உக்காந்துதானே வந்தேன்?"

காலை எப்படியோ உருவிக்கொண்டு வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. கீழே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது, சாலையை மூடப் போகிறார்கள். "சரி, இறங்கலாம் வா" என்று முன்பக்கம் சுற்றிப் பக்கத்து இருக்கைக்குப் போனான்.

"பின்னாடி உக்காரு, புதிமிர். முன்னாடி இருந்தா ஒனக்குக் கை நீளுது."

பின்னிருக்கை என்று அந்தக் காரில் இருப்பது பை வைக்கிற இடம். அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். "இதுலயா? எனக்கு எப்படி எடம் பத்தும்?"

வுகோசாவா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். "ஒன் அளவுக்கு வச்சதுக்குள்ள நான் இருபத்திரண்டு வருஷம் உக்காந்தேன். நீ மலை இறங்கற வரைக்கும் உக்காரு."