ஓரத்தில் மட்டும் குமிழி

இப்படிக் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஒரு பானையின் கதை சொல்கிறேன். சிரிக்க இடம் வந்தால் சிரித்துவிடுங்கள். இந்தக் கதையில் அது அடிக்கடி வராது.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் ஒருத்தி. புருஷன் பெயிண்டர். மழை பிடித்துக்கொண்டதில் மூன்று வாரமாக அவன் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஏழாவது படிக்கிற மகள் ஒருத்தி, மூன்று வயதில் ஒரு குட்டிப் பயல். நாலு வயிறும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையில் நொய்யரிசி, பருப்பு, பூசணி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்துவிடுவாள். வியாழக்கிழமை சம்பளம் வரும்வரை அதுதான் சாப்பாடு. ஃபிரிட்ஜ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் மகளின் பாடப்புத்தகங்கள் இருந்தன. "நம்ம வீட்டுப் படிப்பு கெட்டே போகாது" என்பான் பெயிண்டர். பானை கெடாமலிருக்கத் தினமும் இரண்டு வேளை நன்றாகக் கொதித்தாக வேண்டும்.

அந்த வாரம் கடையில் கூடுதல் வேலை. விடியுமுன் கிளம்பினாள். காலைக் கொதி புருஷன் பொறுப்பு, மாலைக் கொதி மகள் பொறுப்பு.

"ஓரத்துல குமிழி வந்தா பத்தாது. நடுவுல பொங்கி வரணும்," என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கால் கடுக்க வந்தவள் கேட்டாள். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"மேஸ்திரி வீட்டுல பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. வயிறு கல்லு மாதிரி இருக்கு," என்றான் அவன்.

"எனக்கு ஃப்ரெண்டு டிஃபன் குடுத்தாம்மா. தம்பிக்கு ஊட்டிட்டேன்," என்றாள் மகள். "நீ?"

"கடையிலயே ஆச்சு," என்றாள் அவள். வெறும் டீயைத்தான் குடித்திருந்தாள்.

செவ்வாய் மாலை மூடியைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது அளவுதான். பாதியாவது குறைந்திருக்க வேண்டிய பானை, கழுத்துவரை அப்படியே இருந்தது. கரண்டியை விட்டதும் நூலிழுத்தது. புளித்த நுரை, மூக்கில் ஏறும் வாடை.

"என்னங்க, இங்க வாங்க."

அவன் வந்து பார்த்தான். தலை தொங்கிப்போனது.

"கொதிக்க வச்சீங்களா?"

"சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், தக்கை மாதிரி இருந்துச்சு. பாப்பா சாயங்காலம் கொதிக்க வைக்கட்டும்னு நான் சூடு மட்டும் காட்டினேன்."

மகள் கதவோரம் நின்றபடி சொன்னாள். "அப்பா காலையில கொதிக்க வச்சிருப்பாருன்னு நானும் சூடு மட்டும்தாம்மா காட்டினேன். உனக்கு டீ வைக்கக் கொஞ்சம் கேஸ் மிஞ்சட்டும்னு."

இரண்டு நாளாக வெதுவெதுப்பிலேயே கிடந்து கெட்டிருந்தது சோறு.

"சரி, சாப்பிடவாவது செஞ்சிருந்தா இவ்வளவு போயிருக்காதே," என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "மேஸ்திரி வீட்டுல என்ன போட்டாங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். மகளிடம் டிஃபனைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டால் தன்னையும் கேட்பார்கள்.

"நல்லா கொதிக்க வச்சுட்டு நான் மட்டும் சாப்பிடறேன். பெயிண்டு வாடையையே தாங்கின உடம்பு இது," என்றான்.

"வேணாம். படுத்துட்டீங்கன்னா மருந்துக்கு எங்க போறது?"

புருஷனும் அவளும் பானையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள். பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தபோது பூசணித் துண்டுகள் ஒவ்வொன்றாக உருண்டு போயின. குட்டிப் பயல் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

"அது என்னோடதும்மா," என்றான்.

பானையைத் தேய்த்துக் கழுவினாள். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். மகள் தம்ளரை வாங்கி அப்படியே தம்பி கையில் கொடுத்தாள். "எனக்குப் பசிக்கலம்மா," என்றாள். இந்தத் தடவை அம்மா நம்பவில்லை. நம்பாமல் இருந்தும் கொடுக்க ஒன்றுமில்லை. வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் நீளுகிற ஒவ்வொரு தட்டிலும் சூடாக ஒரு கரண்டி விழட்டும். பசிக்கிறவர்கள் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும்படி உங்கள் அடுப்பு எரியட்டும். நன்றாக இருங்கள்.