முதல் குரவை

அடிமுதுகில் பிடித்த அஸ்னாவின் நாரி நோவு கல்யாண வீட்டையே கலக்கிவிட்டது. அவளுக்கு ஏழு மாத வயிறு. தங்கச்சி ஸஹ்றாவுக்கு இன்று கல்யாணம். மருதமுனையிலிருந்து வரும் மாப்பிள்ளை சாய்ந்தமருது வீட்டு வாசலில் கால் வைக்கும்போது நாக்கைச் சுழற்றி முதல் குரவையைத் தானே போடுவதாகத் தங்கச்சிக்கு அவள் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தத் தெருவில் அவள் தொண்டைக்கு நிகர் யார்? ஆனால் உம்மா ஹாஜறா விட்டால்தானே!

"எழும்பப்படாது மகள். படுத்துக் கிட."

பாசம் பொல்லாதது. மணமகளுக்கென்று வாங்கிய புது ஸ்பிரிங் மெத்தையை மூத்தவளுக்கு விரித்துக் கொடுத்திருந்தார் ஹாஜறா. படுத்தால் உடம்பு குழிக்குள் போய்விடும். எழும்பினால் நாரி பிளந்துபோகும். உம்மாவின் மனம் நோகுமே என்று அஸ்னா வாயே திறக்கவில்லை. நல்ல கூத்து!

இன்று பொறுக்க முடியாமல் கதவைச் சாத்தினாள். நோவுக்குக் குளிசை விழுங்க வேண்டாம் என்று சொன்ன மிட்வைப் மிஸ் கிளினிக்கில் காட்டிக் கொடுத்தபடி, பாயை விரித்து, கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை மெல்ல மேலே வளைத்தாள், மெல்ல இறக்கினாள். ஆகா! இறுகிக் கிடந்த நாரி இளகத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஹாஜறா கதவைத் திறக்க வேண்டும்?

"அல்லாஹ்வே! ஏழு மாசத்திலயே புள்ளைக்கு நோவு கண்டிட்டு! ஓடி வாங்க!"

வட்டிலாப்பம் அவித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அறைக்குள் பாய்ந்தார்கள். அஸ்னாவின் கணவன் றிப்தி, கையில் இருந்த வேன் சாவியையே தேடிக்கொண்டு ஓடினான்.

"அந்த நோவு இல்ல உம்மா! இது மிஸ் சொன்ன பயிற்சி. அந்த மெத்தைதான் என்னக் கொல்லுது!"

ஹாஜறாவின் முகம் சுருங்கியது. "அத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க ஆசையா விரிச்சீங்களே."

அதற்குள் தெருமுனையில் ஹோர்ன் அலறியது. மாப்பிள்ளை வந்துவிட்டார்! அஸ்னா, திரும்பி ஓடிவந்த றிப்தியின் தோளைப் பிடித்து எழுந்தாள். நடக்க நடக்க உடம்பு லேசானது.

வாசலுக்கு வந்ததும் நாரி மறுபடி பிடித்துக்கொண்டது. கார்க் கதவு திறந்தது. இவ்வளவு தூரம் வந்தும் போச்சே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

பின்னாலிருந்து ஓர் உள்ளங்கை அவள் முதுகில் பதிந்து அழுத்தியது.

"இங்கயா மகள்?"

"ஓம் உம்மா. இன்னும் கொஞ்சம் கீழ."

"இப்ப போடு குரவைய!"

போட்டாள் பாருங்கள், தெருவே அதிர்ந்தது! வயிற்றுக்குள்ளிருந்தும் ஓர் உதை விழுந்தது. புது மருமகனை எட்டிக்கூடப் பார்க்காமல் மகளின் பின்னால் நின்ற ஹாஜறா, மாப்பிள்ளை வீட்டுக்குள் போன பிறகும் கையை எடுக்கவில்லை.