மாதச் சந்தா டாக்டர்

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி என் மனைவி கென்ட்ரா, "ட்ராவிஸ், எனக்குத் தெரியல" என்றாள். வண்டிச் சாவியைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து, சமையலறை மேசையில் பார் என்றேன். "சாவி இல்ல. கண்ணு. எல்லாம் கலங்கலா இருக்கு." ஞாயிற்றுக்கிழமை காலை அது. லேசர் ஆபரேஷன் நடந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விச்சிட்டா நகரத்தில் சர்ஜன் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பும் வழியெல்லாம் நெடுஞ்சாலைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். பன்றித் தீவன விளம்பரத்தைக்கூட விடவில்லை. அப்படி வந்தவளுக்கு விடிந்ததும் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

கருவிழியின் மேல் ஏட்டைத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, திரும்ப மூடி வைத்திருந்தார்கள். தையல் கிடையாது. தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும். கசக்கினால் ஏடு நகர்ந்துவிடும் என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். இரவில் கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டுதான் படுத்தாள். விடிவதற்குள் எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல் மூடியைப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டதாகச் சொன்னாள். பிரிக்கும்போது இழுத்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். முகத்துப் பக்கமே கையைக் கொண்டுபோகாதே என்றேன். அவளும் கொண்டுபோகவில்லை.

கென்ட்ரா எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வலர். கூப்பிட்டால் ஓட வேண்டும், சம்பளம் கிடையாது. முழுநேர வேலைக்கு இடம் விழுந்தபோது போன வருடம் விண்ணப்பித்தாள். கண்ணாடி இல்லாமல் இவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று அங்கே ஒரு விதி. கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்குத் தன் பூட்ஸே தெரியாது. கண்ணாடியோடு சுவாச முகமூடியை மாட்டினால், காதுப் பக்கத்துக் கம்பி ரப்பர் விளிம்பைத் தூக்கிப் புகையை உள்ளே விடும். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் திரும்ப இடம் விழுந்திருக்கிறது. தேர்வு மாதக் கடைசியில். இதை விட்டால் இனிமேல் வயது ஒத்துவராது.

லேசருக்கே முதலில் இவளை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கண் காய்ந்து கிடக்கிறதாம். அப்போது உட்கார வைத்துப் பேசியது ஜேனல். ஜேனல்தான் எங்கள் மாதச் சந்தா டாக்டர். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் நடுவில் வரமாட்டான், மாதாமாதம் நாமே கட்டிவிட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். இந்த ஏற்பாட்டை நான் கண்டபடி கிண்டல் செய்திருக்கிறேன். நோயே வராத மாதத்துக்கும் டாக்டருக்குப் படியளக்கும் வள்ளல்கள் நாம்தான் என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜேனல் அன்று ஒரு மணி நேரம் பேசினாள். காட்டுப்பூ மகரந்தத்துக்குத் தும்மும் கென்ட்ரா, வருடம் முழுக்க ஒவ்வாமை மாத்திரையைச் சோளப்பொரி போல விழுங்குகிறாள் என்பதைப் பேச்சோடு பேச்சாக வெளியே எடுத்தாள். அதுதான் கண்ணைக் காயவைக்கிறது என்று நிறுத்திவிட்டு, மூக்கில் அடிக்கும் மருந்துக்கு மாற்றினாள். செயற்கைக் கண்ணீர், இமைக்கு வெந்நீர் ஒற்றடம் என்று வாராவாரம் விசாரித்தாள். அடுத்த பரிசோதனையில் அதே சர்ஜன் சரி என்றார்.

இப்போது சர்ஜனுடைய அவசர எண்ணில் காத்திருக்கச் சொல்லி வாத்திய இசை ஓடிக்கொண்டே இருந்தது. அதை விட்டுவிட்டு ஜேனலை வீடியோவில் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். கன்னத்தில் மாவு, பின்னால் பிள்ளைகள் வாஃபிளுக்குச் சண்டை போடும் சத்தம். வலிக்கிறதா, தண்ணீர் வடிகிறதா, ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்று நிதானமாகக் கேட்டாள். வலி இல்லை, இரண்டு கண்ணும்தான் என்றாள் கென்ட்ரா.

"ட்ராவிஸ், அவங்கள ஜன்னல் பக்கம் உக்கார வச்சு, போனை முகத்துக்கு நேரா பிடிங்க."

பிடித்தேன். ஜேனல் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"கென்ட்ரா, மூக்கு மேல என்ன இருக்கு?"

கண்ணாடி இருந்தது. பழைய, தடித்த, சோடாபுட்டிக் கண்ணாடி. இத்தனை வருடப் பழக்கத்தில், இருட்டில் மருந்து விட்டதும் கை தானாகவே மேசையைத் துழாவி அதை எடுத்து மாட்டியிருக்கிறது. சரியான கண்ணுக்கு மேல் அந்தக் கண்ணாடி என்றால் கலங்காமல் என்ன செய்யும்? அவள் செய்ததாவது தூக்கக் கலக்கம். எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்ன வந்தது? யோசித்தால் இதுதான்: இரண்டு நாளாக வீட்டில் கண்ணாடி இல்லாமல் நடமாடிய பெரிய கண்காரி எனக்குப் புதியவள். காலையில் பார்த்தது பழகிய முகம். பழகிய முகத்தில் யார் எதைத் தேடுவார்கள்?

கென்ட்ரா இரண்டு கையாலும் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடிக்கம்பம், அதற்குப் பின்னால் தானியக் கிடங்கு, அதன் நெற்றியில் எழுதியிருக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர், எல்லாவற்றையும் வாசித்தாள். பிறகு விசும்பி விசும்பி அழுதாள்.

"அழுங்க, தண்ணி நல்லதுதான். தொடைக்க மட்டும் செய்யாதீங்க" என்றாள் ஜேனல். "புருஷன்காரரே, அடுத்த தடவை கூப்பிடறதுக்கு முன்னாடி பொண்டாட்டிய ஒரு தடவை பாருங்க."

சொல்லிவிட்டும் விடவில்லை. மத்தியானம் கிளினிக்கைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்து, ஏடு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று சர்ஜனுக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து சந்தாவைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. அவ்வளவு நிம்மதி எனக்கு. வீடு வரும்வரை வண்டியில் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன், கென்ட்ரா முறைத்தும் நிறுத்த முடியவில்லை.

மாதக் கடைசியில் கண் தேர்வில் கடைசி வரிவரை வாசித்துவிட்டாள். பயிற்சிக் கட்டடத்தில் புகையை மூட்டி எல்லோரையும் உள்ளே அனுப்பினார்கள். நான் வேலிக்கு வெளியே மற்ற குடும்பங்களோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரே உயரம், ஒரே மஞ்சள் கோட்டு, முகமெல்லாம் கறுப்பு முகமூடி. பக்கத்தில் நின்ற அம்மாள், உங்க ஆள் எது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. அப்போது இடது கோடியில் இருந்த உருவம் குனிந்து குழாயைத் தூக்கியது. நிமிர்ந்ததும், சரிந்த எதையோ மேலே தள்ளுவது போல ஒரு விரலை மூக்குக்குக் கொண்டுபோய், முகமூடியின் கண்ணாடியில் டொக்கென்று இடித்துக்கொண்டது.